எந்த வால்வு எந்தப் பைப்புக்கு?

ஆசிரியருக்கு,

கொழும்புத் தொடர்மாடிகள் பலவற்றில் நீர் வழங்கல் சபைத் தண்ணீர் நேரே வரும் பைப்பும், மொட்டைமாடித் தாங்கியிலிருந்து இறங்கும் பைப்பும் பார்வைக்கு ஒரே பீவீசிதான். ஒன்று வெடித்தால் எதை மூடுவது?

வால்வுகளை ஒவ்வொன்றாக மூடி, எந்தக் குழாய்களில் தண்ணீர் வருவது நிற்கிறதென்று குறியுங்கள். மார்க்கர் எழுத்து வெயிலில் வெளிறும், ஸ்டிக்கர் ஈரத்தில் உரியும், வெள்ளவத்தைக் கடற்காற்றுக்கு இரும்புக் கம்பி துருப்பிடித்து அறும். எண் பொறித்த பித்தளை வில்லையைச் செப்புக் கம்பியால் பைப்பில் தளர்வாகக் கட்டுங்கள். கைப்பிடியில் வேண்டாம், அது உடைந்தால் வில்லையும் சேர்ந்து குப்பைக்குப் போகும். எந்த எண் எந்தக் குழாய்களுக்கு என்ற பட்டியலைக் குசினி அலுமாரிக் கதவின் உட்புறம் ஒட்டலாம்.

கால் சுற்றில் மூடும் போல் வால்வின் (ball valve) நீளக் கைப்பிடி பைப்புக்குக் குறுக்கே நின்றால் மூடியிருக்கிறது. வட்டப் பிடியைப் பல சுற்றுச் சுற்றி மூடும் கேட் வால்வை (gate valve) பார்த்துச் சொல்ல முடியாது. முழுதாக மூட எத்தனை சுற்று என்பதையும் பட்டியலில் எழுதுங்கள்.

வாசகர்,
கொழும்பு 06