'ஓரிரு இடங்கள்' என்றால் எத்தனை?

ஆசிரியருக்கு,

மழை வரும் என்றார்கள், வெயில்தான் காய்ந்தது என்று வானிலை அறிவிப்பைக் கிண்டல் செய்து தங்கள் நாளிதழில் வந்த செய்தியைப் படித்தேன். கணிப்பு சில நாள் தப்புவது உண்மைதான். ஆனால் பல நாள் தப்புவது நாம் அதைப் படிக்கும் விதம். 'ஓரிரு இடங்களில் மழை' என்பது வாய்க்கு வந்த சொல் அல்ல. அந்தப் பகுதியின் மழைமானி நிலையங்களில் 25 சதவீதம் வரை மழை பதிவாகலாம் என்று பொருள். நனையாத முக்கால்வாசிப் பகுதிக்காரருக்கு அறிவிப்பு பொய். கணக்குப்படி அது சரி!

குரோம்பேட்டையில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் ஒரு மழைமானி வைத்திருக்கிறேன். போன ஐப்பசியில் ஒரு சாயங்காலம் அதில் 38 மி.மீ. பதிவானது. அடுத்த ஸ்டேஷனான பல்லாவரத்தில், தங்கை வீட்டுக் கொடியில் காய்ந்த துணி நனையவே இல்லை. மழையைக் கணிக்க வானிலைத் துறை 2025 மே மாதம் நடைமுறைக்குக் கொண்டுவந்த கணினி மாதிரியே நாட்டை 6 கி.மீ. கட்டங்களாகத்தான் பார்க்கிறது; அதற்கு முன்பு 12 கி.மீ. இடி மேகம் ஒன்று அந்தக் கட்டத்துக்குள்ளேயே பிறந்து, பெய்து, கலைந்துவிடும். எனவே, வானிலைப் பெட்டிச் செய்தியின் அடியில் 'ஓரிரு', 'சில', 'பல', 'பெரும்பாலான' ஆகிய சொற்களுக்கு உரிய சதவீதத்தைத் தினமும் ஒரு வரியில் போடுங்கள். இடம் போதாது என்றால் ராசிபலனில் ஒரு வரியைக் குறைக்கலாம்.

- ஒரு வாசகர், குரோம்பேட்டை