மொரீஷியஸுக்குத் தமிழ் ஆசிரியராகப் போகும் தம்பிக்கு

அன்புள்ள தம்பிக்கு,

மொரீஷியஸில் தமிழ் கற்பிக்கும் வேலை உனக்குக் கிடைத்ததில் எனக்கு ரொம்ப மகிழ்ச்சி. ஆனால் நீ முகநூலில் போட்ட பதிவை வாசித்ததிலிருந்து மனசு சரியில்லை. "நம்மவர்கள் அங்கே தமிழை மறந்து ஏதோ அரைகுறைப் பிரெஞ்சு பேசுகிறார்கள், அவர்களை மீட்கப் போகிறேன்" என்று எழுதியிருந்தாய். உன் ஒருவனுடைய எண்ணமாக இருந்தால் போனிலேயே பேசி முடித்திருப்பேன். கீழே வந்து வாழ்த்தியவர்களைப் பார்த்தபோது, இதை எல்லோரும் பார்க்கும்படி எழுதுவதுதான் சரி என்று பட்டது.

அந்தப் பிள்ளைகள் பேசுவது கிரியோல் என்ற தனி மொழி. நாட்டு மக்களில் பத்தில் எட்டுப் பேருக்கு மேல் வீட்டில் பேசுவதும் அதுதான். அது எப்படி வந்தது என்று தெரிந்துகொண்டு நீ விமானம் ஏற வேண்டும் என்பது என் ஆசை.

அந்தத் தீவில் பூர்வகுடிகள் கிடையாது. டச்சுக்காரர்கள் வந்து, 1710-இல் விட்டுவிட்டுப் போனார்கள். 1715-இல் பிரெஞ்சுக்காரர்கள் உரிமை கொண்டாடினார்கள். கரும்புக்கும் துறைமுகத்துக்கும் ஆள் வேண்டும் என்று மடகாஸ்கரிலிருந்தும் மொசாம்பிக்கிலிருந்தும் அடிமைகளைக் கொண்டுவந்து இறக்கினார்கள். இந்தியாவிலிருந்தும் கொண்டுபோனார்கள் என்பதை நாம் அடிக்கடி மறந்துவிடுகிறோம். 1735-இல் ஆளுநராக வந்த லபூர்தோனே துறைமுகத்தைக் கட்டப் புதுச்சேரிப் பக்கத்திலிருந்து கைவினைஞர்களை வரவழைத்தார். தலைநகர் போர்ட் லூயிஸில் 'மலபார்களின் முகாம்' என்று ஒரு பகுதியே இருந்தது. தென்னிந்தியர்களை அப்படித்தான் அழைத்தார்கள். அந்த மலபார்களில் பலர் தமிழர்கள்.

ஒருவர் பேச்சு அடுத்தவருக்குப் புரியாத அந்தக் கூட்டத்தில், எஜமானின் பிரெஞ்சிலிருந்து சொற்களை எடுத்து, தங்களுக்குள் பேசிக்கொள்ள ஒரு மொழியை அவர்கள் உண்டாக்கினார்கள். நூறு ஆண்டுகூட ஆகவில்லை, அது அங்கே பிறந்த குழந்தைகளின் தாய்மொழியாகிவிட்டது. பெயரையும் ஊரையும் பிள்ளைகளையும் பறிகொடுத்தவர்கள் உண்டாக்கிய மொழி அது, தம்பி. அந்த மொழி உருவான காலத்தில் நம் ஆட்களும் அந்தத் துறைமுகத்தில்தான் இருந்தார்கள்.

அரைகுறை என்றாயே, அதன் இலக்கணத்தைக் கொஞ்சம் பார். 'மோ மான்ஸே' என்றால் நான் சாப்பிடுகிறேன். 'மோ தி மான்ஸே', சாப்பிட்டேன். 'மோ பே மான்ஸே', சாப்பிட்டுக்கொண்டிருக்கிறேன். 'மோ பூ மான்ஸே', சாப்பிடுவேன். இரண்டைச் சேர்த்து 'மோ தி பே மான்ஸே' என்றால் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். வினை மாறவே இல்லை, முன்னால் வரும் சிறு சொல்தான் காலத்தைச் சொல்கிறது. இன்னொன்றும் உண்டு. பின்னால் செயப்படுபொருள் வந்தால் 'மான்ஸே' சுருங்கி 'மான்ஸ்' ஆகிவிடும். சோறு சாப்பிடுகிறேன் என்பதற்கு 'மோ மான்ஸ் திரி'. பிரெஞ்சில் இப்படி ஒரு விதியே இல்லை. யாரும் சொல்லிக்கொடுக்காமலே சின்னக் குழந்தைகள் இதைப் பிசகாமல் பேசுவதைக் கேட்டிருக்கிறேன். நம் பேச்சுத் தமிழை 'கொச்சை' என்று ஒருவன் தள்ளினால் நமக்கு எப்படிக் கோபம் வரும்?

கத்ர் போர்ன் ஊர்ச் சந்தையில் ஒரு காலை நேரம் போய் நில். ஆப்பிரிக்க வம்சாவளி அம்மா ஒருவர் கீரைக்கட்டுகளை அடுக்கிக்கொண்டே 'கொத்தோமிலி' என்பார். கொத்தமல்லிதான். பக்கத்தில் 'கரிப்பூலே', நம் கறிவேப்பிலை. 'பிரேட் மூரூம்' என்றால் முருங்கைக்கீரை, 'பிப்பங்காய்' என்றால் பீர்க்கங்காய். சீன வம்சாவளிக் கடைக்காரரும் முஸ்லிம் சமையல்காரரும் இந்தப் பெயர்களைச் சொல்லித்தான் வாங்குகிறார்கள். யாரும் அதைத் தமிழ் என்று நினைத்துச் சொல்வதில்லை. அவர்களுக்கு அது கிரியோல். நான் அங்கே வேலை பார்த்த காலத்தில் எனக்கு ஆகப் பெரிய சந்தோஷம் தந்த இடம் அந்தச் சந்தைதான்.

சரி, அப்படியானால் தமிழ் ஏன் வீட்டைவிட்டுப் போனது என்று கேட்பாய். கிரியோல் விரட்டவில்லை. 1810-இல் தீவைப் பிடித்த பிரிட்டிஷார் பிரெஞ்சு முதலாளிகளின் மொழியையும் சட்டத்தையும் அப்படியே விட்டுவைத்தார்கள். அலுவலகத்துக்கு ஆங்கிலம், பத்திரிகைக்கும் கௌரவத்துக்கும் பிரெஞ்சு என்றாயிற்று. 1835-இல் அடிமை முறை ஒழிந்தது. அதற்கு முந்தைய ஆண்டிலிருந்தே ஒப்பந்தக் கூலிகளைக் கப்பல் கப்பலாக இறக்கத் தொடங்கியிருந்தார்கள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கம்வரை ஏறத்தாழ 4.5 லட்சம் இந்தியர்கள் வந்தார்கள். பெரும்பாலோர் வட இந்தியாவின் போஜ்புரி பேசியவர்கள், சென்னைத் துறைமுகத்திலிருந்து போனவர்கள் சிறுபான்மை. தோட்டத்தில் எல்லோருக்கும் பொதுவாக இருந்தது போஜ்புரியும் கிரியோலும். பள்ளிக்கூடத்திலோ ஆங்கிலமும் பிரெஞ்சும். தமிழுக்குக் கோயில் மிஞ்சியது.

இன்னொரு சிக்கலையும் நீ தெரிந்துகொள்ள வேண்டும். மொழிக்கும் கிரியோல் என்று பெயர், ஆப்பிரிக்க, மடகாஸ்கர் வம்சாவளி மக்களுக்கும் அதே பெயர். அரசியல் சட்டம் இந்து, முஸ்லிம், சீனர் என்று பிரித்துவிட்டு, மீதமுள்ளவர்கள் எல்லோரையும் 'பொது மக்கள்தொகை' என்ற ஒரே பெயரில் அடைத்தது. அடிமைகளின் பேரப்பிள்ளைகளுக்கு அதில் தனிப்பெயர்கூட இல்லை. அதனால் இந்திய வம்சாவளியினர் பலர் நாள் முழுக்கக் கிரியோலில் பேசிவிட்டு, "அது அவர்கள் மொழி" என்பார்கள். இது எனக்கு இன்றும் வலிக்கிறது. 1968-இல் எழுதிய சட்டமோ நாடாளுமன்றத்துக்கு ஆங்கிலத்தை வைத்து, பிரெஞ்சிலும் பேசலாம் என்றது. தேர்தலில் ஓட்டுக் கேட்ட கிரியோலுக்கு அதில் இடம் தரவில்லை.

இதை எதிர்த்து நின்றவர்களில் எழுத்தாளர் தேவ் விராசாமியை நீ அவசியம் வாசிக்க வேண்டும். தெலுங்கு வம்சாவளி. 1960-களிலேயே கிரியோல்தான் தேசத்தின் மொழி என்று வாதாடியவர். ஷேக்ஸ்பியரைக் கிரியோலில் எழுதிக் காட்டினார். 2023-இல் காலமானார். 2009-இல் மொழியியலாளர் அர்னோ கார்ப்பூரனின் அகராதி வந்தது, கிரியோலுக்குக் கிரியோலிலேயே பொருள் சொல்லும் அகராதி. 2011-இல் எழுத்துமுறைக்கு அரசு ஒப்புதல் கிடைத்து, 2012 ஜனவரியில் தொடக்கப் பள்ளியில் விருப்பப் பாடமானது.

உன் வேலை மாட்டிக்கொள்வது இங்கேதான். இந்தி, தமிழ், தெலுங்கு, உருது, மராத்தி, மாண்டரின் என்று முன்னோர் மொழிகளுக்கு ஒதுக்கிய அதே நேரத்தில்தான் கிரியோலையும் வைத்தார்கள். பிள்ளை இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். தமிழ் எடுத்தால் தன் வீட்டு மொழியை எழுதப் படிக்கக் கற்க முடியாது, கிரியோல் எடுத்தால் தமிழ் கிடையாது. இந்த ஏற்பாடு தவறு என்பது என் உறுதியான கருத்து. நீயும் போய், கிரியோல் மட்டம், தமிழ்தான் உயர்ந்தது என்று சொன்னால், அந்தப் பிள்ளை தன் அம்மாவின் பேச்சுக்கு வெட்கப்படக் கற்றுக்கொள்ளும். தமிழ்மேல் ஆசை வராது, பயம்தான் வரும்.

அவர்களுடைய தமிழ் உணர்வைப் பற்றியும் உனக்குக் கவலை வேண்டாம். 1998-இல் ரூபாய் நோட்டில் தமிழுக்கு முன்னால் இந்தியை அச்சடித்தபோது, வீட்டில் கிரியோல் பேசும் அந்தத் தமிழர்கள்தான் கொதித்தெழுந்தார்கள். நோட்டுகளைத் திரும்பப் பெறவேண்டியதாயிற்று. தைப்பூசக் காவடி அங்கே அரசு விடுமுறை. காவடி தூக்குபவர்கள் வரிசையில் தண்ணீர் கேட்பது கிரியோலில்தான், முருகனைக் கூப்பிடுவது தமிழில்.

ஆகவே வகுப்பில் பிள்ளைகள் கிரியோலில் சந்தேகம் கேட்டால் தடுக்காதே. 'தி', 'பே', 'பூ' மூன்றையும் கரும்பலகையில் எழுதி, பக்கத்திலேயே நம் இறந்தகாலம், நிகழ்காலம், எதிர்காலத்தை எழுதிக் காட்டு. பாட்டியிடம் கேட்ட கதையைக் கிரியோலில் சொல்லச் சொல்லி, அப்புறம் எல்லோரும் சேர்ந்து தமிழில் எழுதுங்கள். வீட்டு மொழியை மதிக்கும் வாத்தியாரிடம் பிள்ளைகள் எவ்வளவு சீக்கிரம் ஒட்டிக்கொள்வார்கள் என்பதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். அந்த முகநூல் பதிவையும் எடுத்துவிடு. அங்கே உன் மாணவர்களின் பெற்றோர் யாராவது மொழிபெயர்த்து வாசித்துவிட்டால், அவர்கள் மனம் புண்படும்.

விசா வேலை முடிந்ததும் ஒரு நாள் வீட்டுக்கு வா. அந்த அகராதியும் சில கிரியோல் பாடப் புத்தகங்களும் என்னிடம் இருக்கின்றன. பெட்டியில் இடம் வைத்துக்கொள்.

அன்புடன்,
அக்கா