டெர்மினல் நின்றால் விண்டோவை மூடாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் கணினிப் பக்கத்தை வாரம் தவறாமல் படிக்கிறேன். புது போன், புது ஆப் என்று நிறைய வருகிறது. ஆனால் என்னைப் போல அம்பாசமுத்திரத்தில் வீட்டில் உட்கார்ந்து வெளியூர் சர்வரில் வேலை பார்ப்பவர்களின் பாட்டைப் பற்றி ஒரு வரி வந்து நான் பார்த்ததில்லை.

போன வாரம் நடந்ததைச் சொல்கிறேன். என் அக்கா மகன் பாளையங்கோட்டையில் படிக்கிறான். எஸ்எஸ்ஹெச் (நம்ம கணினியிலிருந்தே தூரத்துக் கணினிக்குள் நுழையும் வழி) வழியாகச் சர்வருக்குள் போய், ப்ராஜெக்ட்டுக்காக ஒரு கணக்கைச் சாயங்காலத்திலிருந்து ஓடவிட்டிருந்தான். டெர்மினலில், அதாவது கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் விண்டோவில், வரிவரியாக எண்கள் வந்துகொண்டிருந்தன. அதைச் சேமிக்கலாம் என்று வேர்டில் செய்கிற பழக்கத்தில் கன்ட்ரோலையும் எஸ்ஸையும் சேர்த்து அமுக்கிவிட்டான். எல்லாம் அப்படியே நின்றுவிட்டது, எதைத் தட்டினாலும் அசையவில்லை. "மாமா, நெட்டு போயிட்டு" என்று எனக்குப் போன் போடுவதற்குள் விண்டோவை மூடியும் விட்டான், அதோடு உள்ளே ஓடிக்கொண்டிருந்த ப்ரோகிராமும் செத்தது. ஐந்து மணி நேர வேலை!

நெட் போகவே இல்லை. கன்ட்ரோல் எஸ் என்பது, ஓடிவரும் எழுத்தை நிறுத்திவைக்க டெலிடைப் (கம்பி வழியாக வரும் செய்தியைத் தாளில் தட்டச்சு அடிக்கும் பழைய கருவி) காலத்தில் செய்த ஏற்பாடு, இன்றைக்கும் டெர்மினலில் இருக்கிறது. கன்ட்ரோல் கியூ அமுக்கியிருந்தால் விட்ட இடத்திலிருந்து ஓடியிருக்கும்.

சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தால் விண்டோ உறைந்து கிடப்பது வேறு கதை. பேச்சே இல்லாத இணைப்பை நடுவிலிருக்கும் ரவுட்டர் கொஞ்ச நேரத்தில் மறந்துவிடும். எஸ்எஸ்ஹெச் கான்ஃபிக் கோப்பில் 'சர்வர்அலைவ்இன்டர்வல் 60' (ServerAliveInterval 60) என்று ஒரு வரி சேர்த்தால், சர்வரிடமிருந்து சத்தமில்லாதபோது நிமிடத்துக்கு ஒரு தடவை நம்ம கணினி "இருக்கீயளா" என்று கேட்டுக்கொள்ளும். புட்டி (PuTTY) என்ற எஸ்எஸ்ஹெச் மென்பொருள் வைத்திருப்பவர்கள் கனெக்‌ஷன் பகுதியில் கீப்அலைவ் 0 என்றிருப்பதை 60 என்று மாற்றினால் சரி. உண்மையிலேயே அறுந்துபோன இணைப்பென்றால், புட்டி இல்லாமல் எஸ்எஸ்ஹெச் கட்டளை கொடுத்து நுழைந்தவர்கள் என்டர், டில்டே (~), புள்ளி மூன்றையும் வரிசையாகத் தட்டி வெளியே வந்துவிடலாம்.

அப்புறம் ஆனி, ஆடிக் காற்று. கரண்ட் ஒரு நொடி போய் வந்தாலும் மோடம் அணைந்துவிடுகிறது. அதனால் நான் எந்தப் பெரிய வேலையையும் சர்வரிலேயே டிமக்ஸ் (tmux) என்ற ப்ரோகிராமுக்குள்தான் தொடங்குவேன். இங்கே இணைப்பு அறுந்தாலும் அங்கே வேலை ஓடும், திரும்ப நுழைந்து 'டிமக்ஸ் அட்டாச்' (tmux attach) என்றால் அதே திரை வந்து நிற்கும்.

நம்ம ஊர்ப் பிள்ளைகளுக்கு இதைத் தமிழில் சொல்ல ஆளில்லை. வாரம் ஒரு கோளாறு என்று எடுத்து உங்கள் பக்கத்தில் போடுங்கள். முதல் வாரத்துக்கு அந்தக் கன்ட்ரோல் கியூவையே போடுங்கள்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
அம்பாசமுத்திரம்.