ஆக்சிஜனை விரட்டிவிட்டு அளக்கலாமா?

ஆசிரியருக்கு வணக்கம்.

உயிருள்ள செல்லிலிருந்து வெளிவரும் ஹைட்ரஜன் பெராக்சைடை உலோக நானோ துகள்களால் அளப்பது பற்றி நீங்கள் வெளியிட்ட கட்டுரை, எவ்வளவு நுண்ணிய அளவையும் பிடித்துவிடலாம் என்பதையே பெரிதாகப் பேசியிருந்தது. அந்த எண்கள் செல் எதுவும் இல்லாத வெறும் பஃபரில் (pH மாறாமல் வைத்திருக்கும் கரைசலில்) கிடைத்தவை. உயிருள்ள செல்லுக்கு அவற்றை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது.

வெள்ளித் துகள் பூசிய மின்முனைகளில் பெரும்பாலும் −0.3 முதல் −0.5 வோல்ட்டில் பெராக்சைடை ஒடுக்கி, அதாவது எலக்ட்ரான் ஏற்கச் செய்து, அப்போது ஓடும் மின்னோட்டத்தை அளக்கிறார்கள். அங்கே கரைந்துள்ள ஆக்சிஜனும் ஒடுங்கி மின்னோட்டம் தரும். அதனால் நைட்ரஜனைச் செலுத்தி ஆக்சிஜனை வெளியேற்றுகிறார்கள். ஆனால் பி.எம்.ஏ. என்ற வேதிப்பொருளைக் கொடுத்துத் தூண்டிய மேக்ரோஃபேஜ் என்னும் நோயெதிர்ப்பு செல்லில் பெராக்சைடு பிறப்பதே ஆக்சிஜனிலிருந்துதான்: என்.ஏ.டி.பி.எச். ஆக்சிடேஸ் நொதி அதை சூப்பர்ஆக்சைடாக்குகிறது, அது பெராக்சைடாகிறது. மூலப்பொருளையே எடுத்துவிட்டு விளைபொருளை அளந்தால் அந்த எண்ணுக்கு என்ன பொருள்? போதாததற்கு, வெள்ளியிலிருந்து கரையும் அயனி செல்லுக்கு நஞ்சு.

பிளாட்டினத்தில் +0.6 வோல்ட் அளவில் பெராக்சைடை ஒடுக்காமல் ஆக்சிஜனேற்றி அளப்பதால் ஆக்சிஜன் தொல்லை இல்லை. ஆனால் அஸ்கார்பிக் அமிலமும் யூரிக் அமிலமும் அங்கே ஆக்சிஜனேற்றமடையும்; இவற்றைத் தடுக்க நாஃபியான் என்ற பாலிமர் படலம் ஓரளவு உதவும். பிரஷ்யன் ப்ளூ என்ற நீல நிற இரும்புச் சேர்மம் பூசிய மின்முனை 0 வோல்ட்டை ஒட்டியே வேலை செய்வதால் இரண்டு தொல்லையும் குறைவு. என் தேர்வு அதுதான். எனினும் செல்லுக்கு ஏற்ற pH 7.4-இல் ஹைட்ராக்சைடு அந்தப் படலத்தை மெல்ல அரிக்கும். அளப்பதற்கு முன்பு மட்டுமல்ல, அளந்து முடித்த பிறகும் அளவுத்திருத்தம் (செறிவு தெரிந்த பெராக்சைடைக் கொண்டு உணரியைச் சரிபார்ப்பது) செய்தே ஆகவேண்டும்.

வளர்ப்பு ஊடகத்தை நன்றாகக் கழுவி நீக்குங்கள். பல ஊடகங்களில் உள்ள சோடியம் பைருவேட் பெராக்சைடைத் தின்றுவிடும். சீரப் புரதம் மின்முனையில் ஒட்டி மின்னோட்டத்தைக் குறைக்கும். அளவுத்திருத்தத்துக்கான பெராக்சைடை அன்றன்றே நீர்க்கவேண்டும். பாட்டிலில் 30 சதவீதம் என்று எழுதியிருப்பதை நம்பாமல், 240 நானோமீட்டரில் ஒளி உறிஞ்சலை அளந்து செறிவைக் கணக்கிடுவதே நல்லது.

பெராக்சைடைச் சிதைக்கும் கேட்டலேஸ் நொதியைச் சேர்த்ததும் மின்னோட்டம் விழுந்துவிட்டது, ஆகவே அது பெராக்சைடுதான் என்று முடிவுகட்டுவதும் போதாது. புரதம் ஒட்டினாலும் மின்னோட்டம் விழும். சூடாக்கிச் செயலிழக்கச் செய்த கேட்டலேஸை அதே அளவு சேர்த்து ஒப்பிட வேண்டும். பி.எம்.ஏ.வைக் கரைக்கப் பயன்படும் டி.எம்.எஸ்.ஓ. என்ற கரைப்பானை மட்டும் செல்லுக்குக் கொடுத்து ஒரு முறையும், செல் இல்லாத பஃபரில் பி.எம்.ஏ. சேர்த்து ஒரு முறையும் பதிவு செய்யவேண்டும்.

இத்தகைய உணரிகளைப் பற்றி இனி எழுதும்போது, எந்த மின்னழுத்தத்தில் அளந்தார்கள், கரைசலில் ஆக்சிஜன் இருந்ததா, இந்த ஒப்பீடுகளைச் செய்தார்களா என்பதையும் கேட்டு வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
மின்வேதியியல் ஆய்வாளர் ஒருவர்