அமெரிக்க மஞ்சளும் நம்மூர் மஞ்சளும்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். ஊடக அறம் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரை, ஆபாசமும் கிசுகிசுவும் அச்சிடும் ஏடே 'மஞ்சள் பத்திரிகை' என்றும், நியூயார்க்கில் அந்தப் பெயர் பிறந்தபோதே அதற்கு அதுதான் பொருள் என்றும் சொல்கிறது. நம்மூர் வழக்குக்கு இது பொருந்தும். 'சினிமா தூது', 'இந்து நேசன்' நடத்தி 1944இல் கொலையுண்ட லட்சுமிகாந்தனை நினைவில் வைத்திருக்கும் தமிழர்கள் வேறெப்படிப் புரிந்துகொள்வார்கள்? ஆனால் அமெரிக்க மஞ்சளின் கதை வேறு.

அது ஒரு சிறுவனின் சட்டையில் தொடங்கியது. புலிட்சரின் 'நியூயார்க் வேர்ல்டு' ஞாயிறு மலரில் ரிச்சர்ட் அவுட்கால்ட் சேரிப் பிள்ளைகளைப் படமாக வரைந்துவந்தார். அவர்களில் ஒருவன் மொட்டைத் தலை, விடைத்த காது, முழங்காலுக்குக் கீழே தொங்கும் இரவுச் சட்டையோடு நிற்பான். அவன் பேச்சு அந்தச் சட்டை மேலேயே எழுதியிருக்கும். 1895இல் வண்ணத்தில் வந்தபோது சட்டை நீலமாகத்தான் இருந்தது. அடுத்த ஆண்டுத் தொடக்கத்தில்தான் மஞ்சளானது. 1896இல் ஹெர்ஸ்ட் அவுட்கால்ட்டைத் தம் 'ஜர்னல்' பத்திரிகைக்கு இழுத்துக்கொள்ள, புலிட்சர் ஜார்ஜ் லக்ஸ் என்ற ஓவியரை வைத்து அதே பையனைத் தொடர்ந்தார். ஒரே ஊரில் இரண்டு மஞ்சள் பையன்கள்!

பரபரப்புச் செய்திகளால் விற்பனையைப் பெருக்கப் போட்டியிட்ட இந்த இரு பத்திரிகைகளையும் சாடிவந்தவர் 'நியூயார்க் பிரஸ்' ஆசிரியர் எர்வின் வார்ட்மன். முதலில் 'நிர்வாண இதழியல்' என்று வைது பார்த்தார், அது ஒட்டவில்லை. 1897 தொடக்கத்தில் அவர் எழுதிய 'மஞ்சள் இதழியல்' சில மாதங்களில் நாடெங்கும் பரவிவிட்டது. பையனின் புகழ் மட்டும் இதற்குக் காரணமல்ல என்பது என் எண்ணம். அமெரிக்கக் கொச்சையில் மஞ்சள் என்றாலே கோழை, ஈனன்; 'மஞ்சள் நாய்' என்பது உதவாக்கரையைக் குறிக்கும் வசவு. போதாததற்கு, லண்டனில் 1894 முதல் மஞ்சள் அட்டையோடு வந்த ஒரு காலாண்டிதழால் ஒழுக்கக் கேட்டின் சாயலும் அந்த நிறத்துக்கு ஏறியிருந்தது. வார்ட்மன் எதை நினைத்து எழுதினாரோ, விளக்கவே இல்லை. மஞ்சளாக இருப்பதால் மஞ்சள் என்றோம் என்பதோடு 'பிரஸ்' பின்னாளில் முடித்துக்கொண்டது. ஹெர்ஸ்டின் பத்திரிகையோ வசவையே பட்டமாகச் சூடிக்கொண்டு, வானத்துச் சூரியனும் மஞ்சள்தானே என்று மார்தட்டியது.

1898 பிப்ரவரி 15 அன்று அப்போது ஸ்பெயினின் ஆட்சியிலிருந்த கியூபாவின் ஹவானா துறைமுகத்தில் அமெரிக்காவின் 'மெய்ன்' போர்க்கப்பல் வெடித்து 260க்கும் மேற்பட்டோர் மாண்டனர். சான்று ஏதும் கிடைக்கும் முன்பே ஸ்பெயின் மீது பழிபோட்ட 'ஜர்னல்', குற்றவாளியைக் காட்டிக்கொடுப்பவருக்கு 50,000 டாலர் பரிசு அறிவித்தது. கப்பலின் உள்ளேயே நிலக்கரிக் கிடங்கில் பற்றிய தீ காரணமாக இருக்கலாம் என்று அட்மிரல் ரிக்கோவரின் ஆய்வு சொன்னது 1976இல்! அந்த வெடிப்புக்கும் அதையடுத்து மூண்ட அமெரிக்க-ஸ்பெயின் போருக்கும் பிறகு மஞ்சளுக்குப் போர்வெறி என்ற பொருளும் சேர்ந்தது. அது நியாயமான குற்றச்சாட்டு.

ஆனால் "படங்களை நீ கொடு, போரை நான் கொடுக்கிறேன்" என்று கியூபாவுக்கு அனுப்பிய தம் ஓவியருக்கு ஹெர்ஸ்ட் தந்தி அடித்ததாகக் கட்டுரை உறுதியாகச் சொல்வதை ஏற்க முடியாது. நிருபர் ஜேம்ஸ் கிரீல்மன் 1901இல் எழுதியதைத் தவிர அதற்கு ஆதாரம் இல்லை, தந்தியை யாரும் கண்டெடுக்கவில்லை, ஹெர்ஸ்ட் மறுத்திருக்கிறார். பொய்ச் செய்தியைக் கண்டிக்கும் கட்டுரையில் இது இடம்பெற்றது எனக்கு மிகவும் வருத்தம்.

இன்னொன்றும் விடுபட்டிருக்கிறது. மனநோயாளியாக நடித்து விடுதிக்குள் புகுந்து, அங்கு நடந்த கொடுமைகளை 1887இல் நிருபர் நெல்லி பிளை மூலம் அம்பலப்படுத்தியதும், சுதந்திர தேவி சிலையின் பீடத்துக்குச் சாமானியர்களிடம் சில்லறை திரட்டி ஒரு லட்சம் டாலருக்கு மேல் சேர்த்ததும் அதே 'வேர்ல்டு'தான். மஞ்சள் முத்திரை குத்தும் முன் இதையும் வாசகருக்குச் சொல்லியிருக்க வேண்டும்.

தந்தி பற்றிய திருத்தத்தை அடுத்த இதழில் வெளியிட வேண்டுகிறேன். கூடவே அவுட்கால்டின் ஓவியம் ஒன்றையும் வண்ணத்தில் போடுங்கள். பதிப்புரிமைச் சிக்கல் ஏதும் இராது.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகர்,
கும்பகோணம்