பிளீச் குறிப்பைத் திருத்துங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழின் வீட்டுக் குறிப்புகளில், நாய் சிறுநீர் போன இடத்தில் பிளீச் ஊற்றித் தேய்த்தால் கறையும் நாற்றமும் ஒன்றாகப் போய்விடும் என்று ஒரு வாசகர் எழுதியிருந்தார். படித்ததும் எனக்குப் பதறிவிட்டது. அதையே செய்து பட்டவள் நான்.

எங்கள் நாய் அம்முவுக்கு அப்போது 12 வயது. குட்டியிலிருந்தே வெளியில் போய்ப் பழகியவள், திடீரென்று சோபாவின் பின்காலோரம் ஈரம் செய்ய ஆரம்பித்தாள். ஒரு நாள் ஜன்னல்கூடத் திறக்காமல் அந்த இடத்தில் பிளீச்சை அப்படியே கவிழ்த்தேன். கொஞ்ச நேரத்தில் கண் எரிந்தது, தொண்டை கமறியது, இருமல் அடங்கவே இல்லை. அம்முவை வாரி எடுத்துக்கொண்டு வெளியே ஓடினேன். சிறுநீரில் உள்ள யூரியா கெட்டுப் போகப் போக அம்மோனியா உண்டாகிறது. அதில் பிளீச் பட்டால் குளோரமின் என்ற நச்சு வாயு கிளம்பும். பிளீச்சோடு வினிகர் சேர்ந்தாலும் ஆபத்துதான், குளோரின் வாயு வரும். இரண்டையும் அடுத்தடுத்து ஊற்றிப் பார்ப்பவர்கள் இருக்கிறார்கள், தயவுசெய்து வேண்டாம்.

இவ்வளவு பட்டும் பலன் இல்லை. மறுநாள் அம்மு அதே காலடியில் போய் நின்றாள். மோப்பம் பிடிக்கும் செல்கள் நமக்குச் சுமார் 60 லட்சம் என்றால், நாய்க்கு 10 கோடிக்கும் மேல். நம் மூக்குக்கு 'போய்விட்டது' என்று தோன்றும் வாசனை அதற்கு அப்படியே இருக்கிறது. அம்மோனியா கலந்த துப்புரவுத் திரவங்களும் வீண்தான். அந்த நெடி நாய்க்குச் சிறுநீர் போலவே படுகிறது.

அப்புறம் நான் கற்றுக்கொண்டதைச் சொல்கிறேன். முதலில் ஈரத்தை உறிஞ்சி எடுக்க வேண்டும், தேய்க்கக் கூடாது. தேய்த்தால் கறை பரவும், விரிப்பின் அடிவரை இறங்கும். பழைய துண்டை நாலாக மடித்துப் போட்டு அதன்மேல் ஏறி நில்லுங்கள். துண்டை மாற்றி மாற்றி, புதுத் துண்டில் ஈரம் ஏறுவது நிற்கும் வரைக்கும் செய்யுங்கள். பிறகு பச்சைத் தண்ணீர் விட்டு மறுபடி ஒற்றி எடுங்கள். சுடுதண்ணீரும் நீராவியும் வேண்டாம், சூடு பட்டால் கறையும் வாடையும் இழையில் பிடித்துக்கொள்ளும்.

அடுத்தது, செல்லப்பிராணிகளின் கறைக்கென்றே விற்கும் என்சைம் திரவம். வாடை தருகிற பொருட்களை மூடி மறைக்காமல் சிதைப்பது இதுதான். பலர் இதை மேலாகத் தெளித்து உடனே துடைத்துவிட்டு, 'வேலை செய்யவில்லை' என்கிறார்கள். சிறுநீர் எவ்வளவு ஆழம் இறங்கியதோ அவ்வளவு ஆழம் திரவமும் இறங்க வேண்டும். குறைந்தது 10, 15 நிமிடமாவது ஊற வேண்டும், பழைய கறை என்றால் இன்னும் அதிகம். அதற்கு முன்னால் சோப்போ பினாயிலோ போட்டிருந்தால் நன்றாக அலசிவிடுங்கள், அவற்றின் மிச்சம் என்சைமைக் கெடுக்கும்.

அது கைவசம் இல்லையென்றால் வினிகரும் தண்ணீரும் சரிபாதி கலந்து டைல்ஸ் தரையில் துடைக்கலாம். பளிங்குத் தரையில் மட்டும் கூடாது, அமிலம் கல்லை அரித்து மங்கலாக்கிவிடும். துணி, மெத்தை என்றால் காய்ந்தபின் சமையல் சோடாவைத் தூவி, ஒரு ராத்திரி விட்டு வாக்குவம் கிளீனரால் உறிஞ்சி எடுத்தால் வாடை குறையும்.

எல்லாம் செய்தும் மழை நாளில் வீடு நாறியது. காற்றில் ஈரம் ஏறும்போது பழைய கறைகளின் வாடை மறுபடி எழும் என்று அப்போதுதான் தெரிந்துகொண்டேன். ஒரு புறஊதா டார்ச் வாங்கி, இரவில் விளக்கை அணைத்துவிட்டு அடித்துப் பார்த்தேன். நான் துடைத்த இடம் ஒன்று. திரைச்சீலையின் அடிக்கரை, கதவு நிலையின் கீழ்மூலை, சோபாவின் பின்துணி என்று வெளிறிய மஞ்சளில் ஐந்து இடங்கள் ஒளிர்ந்தன! சாக்கட்டியால் அடையாளம் போட்டு, ஒவ்வொன்றாகச் சுத்தம் செய்தேன்.

துடைக்கும்போது கையுறை போட்டுக்கொள்ளுங்கள். எலிக்காய்ச்சல் கிருமி நாயின் சிறுநீர் வழியாகவும் மனிதருக்குத் தொற்றும்.

இன்னொன்று சொல்ல வேண்டும், இதை எழுதும்போது இன்னும் மனசு வலிக்கிறது. அந்த நாட்களில் அம்முவை நான் அதட்டினேன், ஒரு முறை அந்த ஈரத்தின் அருகே இழுத்துப் போய்க் காட்டினேன். அவள் காதை மடக்கிக்கொண்டு என் காலடியிலேயே படுத்தாள். கால்நடை மருத்துவர் சிறுநீரைப் பரிசோதித்துவிட்டு, சிறுநீர்ப்பையில் நோய்த்தொற்று என்றார். மருந்து கொடுத்த சில நாட்களில் வீட்டுக்குள் ஈரம் செய்வது நின்றது. பழகிய நாய் திடீரென்று இப்படிச் செய்தால் நோய்த்தொற்றாக இருக்கலாம், சர்க்கரை நோயாக இருக்கலாம், சிறுநீரகக் கோளாறாகவும் இருக்கலாம். கருத்தடை செய்த, வயதான பெண் நாய்களுக்குத் தூக்கத்தில் தானாகக் கசிவதும் உண்டு, அதற்கும் மருந்து இருக்கிறது.

அடுத்த இதழிலேயே அந்தக் குறிப்புக்கு ஒரு திருத்தம் போடுங்கள். சிறுநீரின் மேல் பிளீச் ஊற்றக் கூடாது என்று இரண்டு வரி, அதே பக்கத்தில் வந்தால் போதும்.

இப்படிக்கு,
அம்முவை வளர்க்கும் ஒரு வாசகி