போலிஷ் படிக்கிற மாப்ளைக்கு

அன்பு மாப்ளே,

கடிதம் கிடைத்தது. இங்கே எல்லோரும் நலம். அக்டோபரில் போலந்துக்குக் கிளம்புகிறாய் என்பது மகிழ்ச்சி. ஆங்கில வழிப் போலிஷ் புத்தகம் வாங்கி, ‘ஏழு வேற்றுமைகள்’ என்ற பக்கத்தைப் பார்த்ததும் மூடிவைத்துவிட்டாய் என்பதுதான் வேடிக்கை. ஐ, ஆல், கு, இன், அது, கண் என்று எட்டையும் ஒப்பித்தவன் ஏழைக் கண்டு பயப்படலாமா? அந்தப் புத்தகம் ஆங்கிலம் மட்டுமே தெரிந்தவனுக்காக எழுதியது. அவன் மூச்சுவாங்கும் பல இடங்களை நீ சும்மா நடந்து கடப்பாய். ஆனால் ஆங்கிலமும் தமிழும் சேர்ந்து கைவிடும் இடங்களும் உண்டு. நேரத்தை அங்கே போடு.

நீ போகிற ஊரின் பெயரிலிருந்தே தொடங்குவோம். விமானச் சீட்டில் இருப்பதை ஆங்கிலமாகப் படித்தால் ‘ரோக்ளா’. ஊர்க்காரர்களுக்கு அது ‘வ்ரொத்ஸ்வாஃப்’. இந்த ஒரு சொல்லில் நாலு விதி இருக்கிறது. டபிள்யூ என்றால் வ. சி என்றால் த்ஸ். குறுக்கே கோடு போட்ட எல்லுக்குத்தான் ஆங்கில டபிள்யூவின் ஒலி. சொல்லின் கடைசியில் வரும் வ், ஃப் ஆகிவிடும். கடைசி விதி மற்ற அதிர்வொலிகளுக்கும் பொருந்தும்: ரொட்டியை எழுதும்போது கடைசி எழுத்து ‘பஸ்’ஸில் வரும் பி, சொல்லும்போது வல்லின ப் ஆகி ‘ஹ்லெப்’. அழுத்தம் ஏறக்குறைய எப்போதும் கடைசிக்கு முந்தைய அசையில்; விலக்குகள் சொற்பம். எழுத்து 32. இரண்டு வாரம் இதை மட்டும் செய்தால், பொருள் புரியாவிட்டாலும் எந்தப் பலகையையும் சரியாக வாசிக்கலாம். ஆங்கிலத்தில் இந்த வசதி கிடையாது.

எழுத்துக்கு மேலும் கீழும் இருக்கும் புள்ளி, கோடு, வால் எல்லாம் அலங்காரம் இல்லை. வால் இல்லாத ‘சாத்’ பழத்தோட்டம். ஏ-வுக்கு வால் போட்டால் ‘சொந்த்’, அதாவது நீதிமன்றம். கணினியில் ‘போலிஷ் புரோகிராமர்’ விசைப்பலகையைச் சேர்த்துக்கொள். வலப்பக்க ஆல்ட்டை அழுத்தி ஏ தட்டினால் வால் வரும், எல் தட்டினால் கோடு வரும். இசட்டுக்கு மட்டும் இரண்டு வடிவம்: ஆல்ட்டும் இசட்டும் சேர்ந்தால் புள்ளி வைத்தது, ஆல்ட்டும் எக்ஸும் சேர்ந்தால் சாய்கோடு வைத்தது.

ஒலியில் உனக்கு ஒரு நல்ல செய்தி. போலிஷ் டி என்பது நம்முடைய த் தான், பல்லைத் தொட்டு வருவது. ஆங்கிலப் பழக்கத்தில் ட் போடாதே. ‘ஆமாம்’ என்பதற்கு ‘தாக்’. அதேபோல ப், த், க் சொல்லும்போது ஆங்கிலேயர் மாதிரிக் காற்றை ஊதவும் வேண்டாம். ‘ஷ்’ போன்றவை இரண்டு வரிசையாக வரும். ஒன்று எஸ், இசட் சேர்த்து எழுதுவது: ‘விஷம்’ என்பதில் நாக்கு பின்வாங்குகிறதே, அது. இன்னொன்று எஸ் மேல் சாய்கோடு: ‘சிவா’வைச் சமஸ்கிருதப் பாணியில் சொல்லும்போது வரும் மெல்லிய ச. சி மேல் சாய்கோடு போட்டால் ‘பச்சை’யில் இருக்கும் ச்ச. ஆங்கிலக் காதுக்கு இந்த இரண்டு வரிசையும் ஒன்றாகவே கேட்கும். உனக்கு அப்படி இருக்க வேண்டியதில்லை.

கெட்ட செய்தியும் உண்டு. ‘குடிக்க’ என்பதையும் ‘அடிக்க’ என்பதையும் தமிழில் எழுதினால் இரண்டுமே ‘பிச்’. முதலாவது வல்லின ப, இரண்டாவது ‘பஸ்’ஸில் வரும் ப. கோழியும் மலையும் இப்படித்தான், இரண்டும் ‘குரா’. மலைக்கு மட்டும் ‘குரு’வில் வரும் அதிரும் க. நம் எழுத்து பிரித்துக் காட்டாததால் வாயும் அசட்டையாக இருக்கும். இப்படிப்பட்ட 20 ஜோடிகளைச் சேர்த்து, ஃபோர்வோ போன்ற உச்சரிப்புத் தளத்தில் கேட்டு, உன் குரலைப் பதிவுசெய்து ஒப்பிடு. என் கடிதத்தில் இருக்கும் தமிழ் எழுத்துப்பெயர்ப்பை நம்பி மனப்பாடம் செய்யாதே, அது வழிகாட்டிப் பலகை மட்டும்.

மெய்கள் கூட்டமாக வரும்போது நடுவில் இகரம், உகரம் நுழைப்பது நம் குலவழக்கம். ‘மன்னிக்கவும்’ என்பது ‘ப்ஷெப்ராஷாம்’. முன்னாலிருந்து தொடங்கினால் ‘பிஷெபிராஷாம்’ என்று ஆகிவிடும். பின்னாலிருந்து கட்டு: ஷாம், ராஷாம், ப்ராஷாம், கடைசியில் ப்ஷெ. ‘இல்’ என்னும் பொருளில் வரும் ஒற்றை எழுத்து வ், அடுத்த சொல்லோடு ஒட்டிக்கொள்ளும். ‘கிராகோவில்’ என்பது ‘ஃப்க்ரகொவியெ’, ஒரே மூச்சு. இன்னொரு பொறி: 300 என்பது ‘த்ஷிஸ்தா’, சுத்தமானவள் என்பது ‘ட்ஷிஸ்தா’. முன்னதில் த் தனியாக விழ வேண்டும்.

இனி வேற்றுமை. புத்தகம் போடும் வரிசையை விட்டுவிடு. முதலில் செயப்படுபொருள். அதில் மாறுவது கொஞ்சம்தான்: ஆ-வில் முடியும் பெண்பாற் சொல் எ-யில் முடியும். ‘காவா’ காபி, ‘பொப்ரொஷெ காவெ’ என்றால் ஒரு காபி கொடுங்கள். இதோடு கடையில் பாதிப் பேச்சு முடிந்தது. அடுத்தது கருவி வேற்றுமை, விதிவிலக்கு குறைவு: ஆண்பாலுக்கும் நடுப்பாலுக்கும் எம், பெண்பாலுக்கு மூக்கொலி ஒன், பன்மைக்கு அமி. நம் மூன்றாம் வேற்றுமைக்கு ஆல் ஒன்று, ஓடு ஒன்று இருக்கிறதே, அதைப் பிடித்துக்கொள். ‘பேனாவால்’ என்றால் உருபு மட்டும், ‘பிஷெ த்வுகொபிசெம்’. ‘பாலோடு காபி’ என்றால் முன்னால் ஒரு ‘ஸ்’ வேண்டும், ‘காவா ஸ் ம்லெகியெம்’. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே ‘வித்’ என்பதால், அந்த வழியில் படித்தவன் பேனாவுக்கும் ‘ஸ்’ போட்டு, பேனாவைத் துணைக்கு உட்காரவைத்து எழுதுவான்.

நான்காம் வேற்றுமை போலிஷில் அவ்வளவாகப் புழங்காது என்பதால் கடைசியில் படித்தால் போதும். ஒரே ஒரு பயன்பாட்டை மட்டும் முதல் வாரமே எடுத்துக்கொள். ‘எனக்குக் குளிர்கிறது’ என்பது ‘ஜிம்னொ மி’. இதில் ‘மி’ நம் ‘எனக்கு’. ‘எனக்குப் பிடித்திருக்கிறது’ என்பது ‘பொதொபா மி ஷெ’. ஆங்கில வழியில் ‘யெஸ்தெம் ஜிம்னி’ என்று சொன்னால், நான் சில்லிட்டுக் கிடக்கிறேன் அல்லது நெஞ்சில் ஈரமில்லாதவன் என்றாகும்.

இடவேற்றுமையில் சொல்லின் உடம்பே மாறும் என்று புத்தகம் புலம்பும். மேசை ‘ஸ்துவ்’, மேசைமேல் ‘நா ஸ்தொலெ’. கை ‘ரென்கா’, கையில் ‘வ் ரென்த்செ’. வீடு வீட்டில் ஆவதும், மரம் மரத்தில் ஆவதும், ஆறு ஆற்றில் ஆவதும் தெரிந்தவனுக்கு இதில் என்ன அதிசயம்? ஆனால் மாறும் வகைகள் நம்மைவிட அதிகம், அதனால் ஊர்ப் பெயர்களை வைத்துப் பழகு: வர்ஷாவா, வர்ஷாவியெ, வ்ரொத்ஸ்வாஃப், வ்ரொத்ஸ்வாவியு. விளிவேற்றுமைக்கு ‘மாமா’ (அம்மா) ‘மாமொ’ ஆகும் என்று தெரிந்தால் இப்போதைக்குப் போதும்.

ஆறாம் வேற்றுமையில்தான் உனக்கு உண்மையான வேலை. உடைமையோடு நில்லாமல், ‘இல்லை’ வந்த இடமெல்லாம் அது வந்து உட்காரும். ‘மாம் ட்ஷாஸ்’ நேரம் இருக்கிறது. ‘நியெ மாம் ட்ஷாசு’ நேரம் இல்லை. அளவு சொன்னாலும் அதுதான். இறைச்சி, சீஸ் வாங்கும் இடத்தில் கிராம் கணக்கு அதிகம் கேட்காது, ‘தெகொ’ என்பார்கள், ஒரு தெகொ 10 கிராம். 200 கிராம் சீஸ் வேண்டுமானால் ‘த்வாஜெஷ்சா தெகொ செரா’. ‘செர்’ என்ற சொல் ‘செரா’ ஆனதைப் பார். 200 என்று எண்ணிக்கொண்டு 200 தெகொ கேட்டால் இரண்டு கிலோவை வெட்டிக் கொடுத்துவிடுவார்கள்.

எண்களோடு இன்னொரு தலைவலி. போலந்துப் பணம் ஸ்வொத்தி. ஒன்று என்றால் ஸ்வொத்தி; 2, 3, 4-க்கு ஸ்வொத்தெ; 5 முதல் 21 வரை ஸ்வொத்திஹ், அதாவது ஆறாம் வேற்றுமைப் பன்மை. 22, 23, 24-க்கு மறுபடி ஸ்வொத்தெ, 25-இல் மீண்டும் ஸ்வொத்திஹ். கடைசி இலக்கம் 2, 3, 4 என்றால் ஸ்வொத்தெ. ஆனால் 12, 13, 14 சேராது, 112-உம் சேராது. தமிழோ ஆங்கிலமோ உதவாத இடம் இது. கடைச் சீட்டுகளைச் சேர்த்துவைத்து, தொகையைச் சத்தமாக வாசி. பயிற்சிப் புத்தகத்தைவிட அது வேகமாக ஏறும்.

பெயரடையும் அப்படித்தான். நமக்கு எல்லாமே ‘பெரிய’. அங்கே பெரிய வீடு ‘துஜி தொம்’, பெரிய காபி ‘துஜா காவா’, பெரிய பீர் ‘துஜெ பிவொ’. தனிச்சொல்லாக மனப்பாட அட்டையில் எழுதாதே, பெயரோடு சேர்த்து எழுது. பன்மையில் ஒரு கூத்து இருக்கிறது: ‘அவர்கள்’ என்பதற்குக் கூட்டத்தில் ஓர் ஆணாவது இருந்தால் ‘ஒனி’, பெண்கள், நாய்கள், நாற்காலிகள் எல்லாம் ‘ஒனெ’. நம் உயர்திணையைப் பாதியாக வெட்டிய மாதிரி. தொல்காப்பியர் ஒத்துக்கொள்ள மாட்டார்.

வினைகள் ஜோடியாக வரும், ஜோடியாகவே படி. ‘பிசாச்’ எழுதிக்கொண்டிருப்பது, ‘நபிசாச்’ எழுதிவிடுவது. நம் ‘விடு’ துணைவினை எல்லா இடத்திலும் பொருந்தாது, ஆனாலும் ஆங்கிலக் காலங்களைவிட நல்ல கைப்பிடி. முடிவுற்ற வினைக்கு நிகழ்காலம் இல்லை; ‘நபிஷெ’ என்றால் எழுதிவிடுவேன். ‘பென்தெ நபிசாச்’ என்று எதிர்காலத்துக்கு இரட்டைப் பூட்டுப் போடுவது ஆங்கிலம் வழி வருபவர்கள் செய்யும் பெரும்பிழை. ‘ஆரம்பித்தேன்’ என்பதற்குப் பின்னாலும் முடிவுறாத வினைதான் வரும். தமிழிலும் ‘எழுதிவிட ஆரம்பித்தேன்’ என்று யாரும் சொல்வதில்லையே.

மரியாதைக்கு ஆணிடம் ‘பான்’, பெண்ணிடம் ‘பானி’. வினை படர்க்கையில் வரும், ‘ஐயா பேசுகிறாரா?’ என்பதுபோல. அலுவலகத்தில் அவர்களாக ‘தி’க்கு, அதாவது நீ-க்கு வரச் சொல்லும்வரை பொறு. இன்னொன்று, அங்கே ஒருவர் ‘நொ’, ‘நொ’ என்று தலையாட்டினால் மறுக்கவில்லை, ‘ம், ஆமாம்’ என்கிறார். ‘அக்துவால்னியெ’ என்றால் ‘தற்போது’, ஆங்கிலப் பொருள் இல்லை. ‘ஒர்தினார்னி’ என்றால் சாதாரணம் இல்லை, ஆபாசமானது. யாரையும் அப்படிப் பாராட்டிவிடாதே.

எவ்வளவு நாளாகும் என்று கேட்டிருந்தாய். அமெரிக்க வெளியுறவுத் துறையின் மொழிப்பள்ளி, ஆங்கிலம் பேசுபவருக்குப் போலிஷில் அலுவல் அளவுத் திறமை வர 44 வாரம், 1100 வகுப்பு மணி என்று கணக்குப் போடுகிறது. தமிழையும் அதே வகையில்தான் வைத்திருக்கிறார்கள், சந்தோஷப்பட்டுக்கொள். தினம் ஒரு மணி என்றால் மூன்று வருடம். நீண்டகாலக் குடியிருப்புக்கும் குடியுரிமைக்கும் பி1 நிலை (ஐரோப்பிய மொழி அளவுகோலில் இடைநிலை) கேட்பார்கள், அதற்கு இவ்வளவு வேண்டாம். ஆனால் தேர்வில் இலக்கணத்துக்குத் தனிப் பகுதி உண்டு, பேசிச் சமாளிக்கலாம் என்று நினைக்காதே.

இப்போதைக்கு இதைச் செய்: தினம் 10 நிமிடம் கேட்டுத் திருப்பிச் சொல்லுதல், 15 புதிய அட்டை, ஒவ்வொன்றிலும் முழுச் சொற்றொடர். அக்டோபருக்குள் கேட்க, வாங்க, எண்ண வந்துவிட்டால் போதும். அடுத்த கடிதத்தில் ‘பிச்’ இரண்டையும் பேசிப் பதிவுசெய்து அனுப்பு, குடிக்கிறாயா அடிக்கிறாயா என்று பார்க்கிறேன்.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுக்காரன்